மூளையின் தாளத்தைக் கேட்டவர்: ஹான்ஸ் பெர்கர் (1873–1941)

தூக்கம் வரவில்லை என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். மணிக்கணக்கில் ஓடும் ஒலிக்கோப்புகள் நூற்றுக்கணக்கில் வந்து விழும். ஆழ்ந்த உறக்கத்துக்கு டெல்டா, மன அமைதிக்கு ஆல்ஃபா, கவனம் சிதறாமல் படிப்பதற்கு பீட்டா என்று ஒவ்வொன்றின் மீதும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டால், விட்டுவிட்டு ஒலிக்கும் ஒரே சுருதி. அல்லது இரண்டு காதுகளுக்கும் சற்றே மாறுபட்ட இரண்டு சுருதிகள். விநாடிக்குப் பத்து முறை துடிக்கும் ஒலியைக் கேட்டால் மூளையும் அதே வேகத்தில் துடிக்கத் தொடங்கும், மனம் அமைதியாகும் என்பதே இவற்றின் பின்னால் இருக்கும் வாதம். எங்கள் மென்பொருள் துறையில் இதைக் கேட்டுக்கொண்டே நிரல் எழுதுகிறவர்கள் ஏராளம்.

ஆனால் மூளைக்குள் விநாடிக்குப் பத்து முறை துடிக்கும் ஒன்று இருக்கிறது என்று முதலில் கண்டவர் யார்? ஆல்ஃபா, பீட்டா என்ற பெயர்கள் யார் வைத்தவை? ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர். மருத்துவ உலகில் ஈ.ஈ.ஜி. என்றால் பெர்கர் என்ற அளவுக்குப் பெயர் பெற்றவர். அவர் ஒலியைப் பற்றி ஆராயவில்லை. தூக்க மருந்தும் தேடவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் தேடியது வேறொன்றை. அது கடைசிவரை கிடைக்கவில்லை. தேடும் வழியில் கிடைத்ததுதான் மூளையலை.

கவிஞரின் பேரன்

1873ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி, ஜெர்மனியில் கோபுர்க் நகரை ஒட்டிய நொய்செஸ் என்ற சிற்றூரில் பெர்கர் பிறந்தார். தந்தை கோபுர்க் மருத்துவமனையில் தலைமை மருத்துவர். தாய் அன்னா, கவிஞர் ஃப்ரீட்ரிஷ் ரூக்கர்ட்டின் மகள்.

இலக்கிய வாசகர்களுக்கு இந்தத் தாத்தாவைக் கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும். ரூக்கர்ட் கவிஞர் மட்டுமல்ல, கீழைமொழி அறிஞர். நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்றவர் என்று சொல்லப்படும் அவருடைய பட்டியலில் தமிழும் உண்டு. நளன் தமயந்தி கதையை ஜெர்மன் கவிதையாக்கியவர். திருக்குறளின் ஒரு பகுதியையும் மொழிபெயர்த்தவர். இறந்துபோன தம் குழந்தைகளை எண்ணி அவர் எழுதிய கவிதைகளில் சிலவற்றுக்குப் பிற்காலத்தில் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் இசை அமைத்தார். பேரன் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1866இல், அதே நொய்செஸில் தாத்தா காலமாகிவிட்டார்.

மருத்துவரின் மகனாகவும் கவிஞரின் பேரனாகவும் பிறந்த பையனுக்கு விருப்பமோ வானியலில். கணிதமும் வானியலும் படிக்க யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் சீக்கிரமே படிப்பை நிறுத்திவிட்டு ஓராண்டு ராணுவ சேவைக்குப் போனார். அங்கே நடந்த ஒரு சம்பவம் அவருடைய வாழ்க்கையின் திசையை மாற்றியது.

ஒரு தந்தி

1893இல் வ்யுர்ட்ஸ்புர்க் நகரில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பெர்கர் ஏறியிருந்த குதிரை மிரண்டு பின்னங்கால்களில் எழும்ப, அவர் கீழே விழுந்தார். குதிரைகள் பூட்டிய பீரங்கி வண்டி ஒன்று அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் கடைசி நொடியில் நிறுத்தியதால் பெரிய காயமின்றித் தப்பினார்.

அன்று மாலை தந்தையிடமிருந்து ஒரு தந்தி வந்தது. நலமாக இருக்கிறாயா என்று கேட்டிருந்தார். அதுவரை வீட்டிலிருந்து அவருக்குத் தந்தி வந்ததே இல்லை. பிறகு விசாரித்தபோது தெரிந்தது: அன்று காலை அவருடைய அக்கா, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனம் பதைத்து, உடனே தந்தி கொடுக்கும்படி தந்தையை வற்புறுத்தியிருக்கிறாள்.

தற்செயல் என்று நாம் சொல்லிவிடலாம். எத்தனையோ நாட்கள் மனம் காரணமின்றிப் பதறுகிறது. ஒன்றும் நடப்பதில்லை, நாமும் மறந்துவிடுகிறோம். பதறிய நாளில் ஏதேனும் நடந்துவிட்டால் மட்டும் வாழ்நாளெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் சாவின் வாயிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த இளைஞனுக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னுடைய அச்சம் ஏதோ ஒரு வகை ஆற்றலாகப் பரவி அக்காவின் மனத்தைத் தொட்டிருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். ஆற்றல் என்றால் அளக்க முடிய வேண்டுமே! வானியலை விட்டுவிட்டு மருத்துவம் படிக்கத் திரும்பினார்.

தோல்வியின் இருபது ஆண்டுகள்

1897இல் பட்டம் பெற்று யேனாவின் மனநல மருத்துவமனையில் ஓட்டோ பின்ஸ்வாங்கரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். தத்துவவாதி நீட்சே சில ஆண்டுகளுக்கு முன் நோயாளியாக இருந்த அதே மருத்துவமனை. பெர்கரின் பணிவாழ்க்கை முழுவதும் அங்கேயே கழிந்தது. 1911இல் தமக்கு ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த உர்சுலா ஃபான் ப்யூலோவை மணந்தார். முதல் உலகப் போரில் மேற்கு முனையில் ராணுவ மனநல மருத்துவராகப் பணியாற்றினார். 1919இல் பின்ஸ்வாங்கருக்குப் பின் மருத்துவமனையின் இயக்குநரானார். 1927இல் பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவியும் வந்தது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் கண்டிப்பான, கூச்ச சுபாவமுள்ள, கடிகாரம்போல் இயங்கும் நிர்வாகி. ஒரு நாளைப் போலவே மறுநாள். பணி முடிந்ததும் மாலையில் தம் ஆய்வுக்கூடத்துக்குள் போய்விடுவார். உள்ளே என்ன செய்கிறார் என்பது உடன் பணியாற்றியவர்களில் பலருக்குத் தெரியாது.

அவருடைய கணக்கு எளிமையானது. மூளை உணவிலிருந்து வேதி ஆற்றலைப் பெறுகிறது. அதில் ஒரு பகுதி வெப்பமாகிறது, ஒரு பகுதி மின்சாரமாகிறது. இவற்றைக் கழித்தால் மீதி இருப்பது மன ஆற்றல். பொறியியல் மாணவர்கள் இயந்திரத்துக்குப் போடும் ஆற்றல் வரவு செலவுக் கணக்கைப் போன்றதுதான். முதலில் மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தார். பிறகு வெப்பநிலையை அளந்து 1910இல் ஒரு நூலும் வெளியிட்டார். இரண்டிலும் மன ஆற்றல் பிடிபடவில்லை.

மீதி இருந்தது மின்சாரம். முயல், குரங்கு போன்ற விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் இருப்பதை இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேட்டன் 1875இலேயே காட்டியிருந்தார். பெர்கர் 1902இல் நாய்களிடம் முயன்றார், சரிவரவில்லை. பிறகும் சில முறை முயன்றார், அப்போதும் இல்லை.

ஏன் இத்தனை சிரமம்? இதயத்தின் மின்துடிப்பு உடலின் மேற்பரப்பில் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் அளவுக்குக் கிடைக்கும். தலையின் மேற்பரப்பில் கிடைக்கும் மூளையின் மின்துடிப்போ அதில் பல பத்தில் ஒரு பங்கு, அதாவது சில பத்து மைக்ரோவோல்ட் மட்டுமே. கண் இமைத்தால், பல்லைக் கடித்தால், கழுத்துத் தசை அசைந்தால் அதைவிடப் பெரிய மின்துடிப்பு எழும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போன்ற வேலை.

விநாடிக்குப் பத்து

போருக்குப் பிறகு, காயத்தினாலோ அறுவைச் சிகிச்சையினாலோ மண்டையோட்டில் ஒரு பகுதி இல்லாத நோயாளிகள் பலர் இருந்தார்கள். எலும்பு இல்லாத இடத்தில் தோலுக்கு அடியிலேயே மூளை. 1924 ஜூலையில், யேனாவின் அறுவை மருத்துவர் நிகோலாய் குலேக்கவிடம் சிகிச்சை பெற்ற 17 வயது இளைஞன் ஒருவனின் தலையில் மின்முனைகளை வைத்துப் பதிவு செய்தபோது, கால்வனோமீட்டரின் இழை மெல்ல அசைந்தது. அப்போது பெர்கருக்கு வயது 51.

வேறொருவராக இருந்தால் அடுத்த மாதமே கட்டுரை வெளியாகியிருக்கும். பெர்கர் ஐந்து ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை. தாம் பார்த்தது மூளையின் துடிப்புத்தானா, அல்லது ரத்தக்குழாயின் துடிப்பா, தசையா, கருவியின் கோளாறா என்ற சந்தேகம் அவரை விடவில்லை. இதயத் துடிப்பையும் கூடவே பதிவு செய்து ஒப்பிட்டார். மூச்சு, அசைவு என்று ஒவ்வொரு காரணமாக எடுத்து விலக்கினார். மின்முனைகளை மாற்றினார். தம் தலையிலேயே பதிவு செய்தார். பதின்வயது மகன் கிளவுஸின் தலையில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட பதிவுகள்! அது தவிர நாட்குறிப்பில் தம்மோடு தாமே வாதாடிக்கொண்டிருந்தார்.

1929இல் மனித மூளையின் மின்பதிவு பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார். 1938 வரை அதே பொருளில் தொடர்ந்து 14 கட்டுரைகள். விநாடிக்கு ஏறத்தாழ பத்து முறை வரும் பெரிய அலைக்கு ஆல்ஃபா என்றும், வேகமாக வரும் சிறிய அலைக்கு பீட்டா என்றும் பெயரிட்டார். பின்னாளில் உறுதிப்பட்ட பலவற்றை அவரே பார்த்துவிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருந்தால் ஆல்ஃபா எழுகிறது. கண்ணைத் திறந்தால் அடங்குகிறது. மூடிய கண்ணோடு இருந்த மகளிடம் ஒரு மனக்கணக்கைக் கொடுத்தபோதும் அது அடங்கியது. மயக்க மருந்தில், வலிப்பில், மூளைக் காயத்தில் அலைகள் மாறுகின்றன.

நம்பாத உலகம்

ஜெர்மனியில் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரே தாளத்தில் இவ்வளவு சீரான அலை எப்படி வரும் என்பது உடலியல் அறிஞர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஏதோ கருவிப் பிழை என்று ஒதுக்கினார்கள். மின்னியலில் முறையான பயிற்சி இல்லாத, தனியாக வேலை செய்யும், சற்று வினோதமான மனநல மருத்துவர் என்பதும் அவருக்கு எதிராகவே போயிற்று.

1934இல் நிலைமை மாறியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன், பிரையன் மாத்யூஸ் இருவரும் நல்ல மின்பெருக்கிகளுடன் இதைச் சோதித்தார்கள். ஏட்ரியன் இரண்டு ஆண்டுகள் முன்புதான் நோபல் பரிசு பெற்றவர். சோதித்துப் பார்த்து, அலை உண்மை என்று அறிவித்து, அதற்குப் பெர்கர் தாளம் என்றே பெயர் சூட்டினார்கள். ஒரு திருத்தமும் செய்தார்கள்: பெர்கர் நினைத்ததுபோல் அது மூளை முழுவதிலிருந்தும் வரவில்லை, பார்வைக்குரிய பின்பகுதியிலிருந்தே மிகுதியாக வருகிறது.

ஒலித்துடிப்பின் கதைக்கு முக்கியமான இன்னொரு செய்தியும் அந்தக் கட்டுரையில் இருந்தது. சீரான வேகத்தில் மினுக்கும் ஒளியைக் கண்ணுக்குக் காட்டினால், மூளையலையும் அந்த வேகத்தைப் பின்பற்றுகிறது. வெளியிலிருந்து ஒரு தாளத்தைக் கொடுத்து மூளையை ஆட வைக்கலாம் என்ற எண்ணத்தின் விதை இது.

அடுத்த சில ஆண்டுகளில் ஈ.ஈ.ஜி. உலகம் முழுவதும் பரவியது. 1935இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஒரு வகை வலிப்பு நோய்க்குரிய விநாடிக்கு மூன்று அலை வடிவத்தைக் கண்டார்கள். 1936இல் கிரே வால்ட்டர் மூளைக் கட்டியை அலைகளின் மூலம் கண்டறிந்து, மெதுவான அலைகளுக்கு டெல்டா என்று பெயர் வைத்தார். 1937இல் பாரிஸில் நடந்த உளவியல் மாநாட்டில் பெர்கருக்குப் பெரும் வரவேற்பு. சொந்த நாட்டில் தமக்கு இத்தனை புகழ் இல்லை என்று அங்கே அவர் வருத்தத்தோடு சொன்னதாகச் சொல்வார்கள்.

இருண்ட பக்கம்

1938இல் 65 வயதில் ஓய்வு பெற்றார். போருக்குப் பின் பல பத்தாண்டுகள் ஒரு கதை உலவியது: நாஜிகளுக்குப் பிடிக்காதவர், அவர்களால் வெளியேற்றப்பட்டவர், அவர்கள் தடுத்ததால் நோபல் பரிசை இழந்தவர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யேனாவின் ஆவணங்களைப் பின்னாளில் புரட்டிப் பார்த்த வரலாற்றாசிரியர்கள் வேறொன்றைக் கண்டார்கள். பெர்கர் நாஜிக் கட்சியில் உறுப்பினராக இல்லை, எனினும் எஸ்.எஸ். அமைப்புக்கு நிதி தரும் ஆதரவாளராக இருந்தார். அதைவிடக் கொடியது, 1934இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் கீழ் மேல்முறையீடுகளை விசாரித்த யேனா நீதிமன்றத்தில் மருத்துவ உறுப்பினராக அமர்ந்தார். மனநோயாளிகள், வலிப்பு நோயாளிகள் என்று பலருடைய மேல்முறையீடுகளை நிராகரிக்கும் தீர்ப்புகளில் அவருக்கும் பங்கு உண்டு. அந்தச் சட்டத்தால் ஜெர்மனியில் சுமார் 4 லட்சம் பேர் கருத்தடைக்கு ஆளானார்கள்.

வலிப்பு நோயாளிகளுக்கு ஈ.ஈ.ஜி.யைப் போல் உதவிய கருவி வேறில்லை. அதைக் கண்டுபிடித்தவரே அவர்களுக்கு எதிரான தீர்ப்பில் கையெழுத்திட்டார். இந்த இரண்டையும் சமன் செய்ய எந்தக் கணக்கும் இல்லை. ஐந்து ஆண்டுகள் தம் அளவீட்டையே சந்தேகித்த மனிதர், தம் காலத்தின் ஒரு கொடிய நம்பிக்கையைச் சந்தேகிக்கவே இல்லை என்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1940இல் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். பீரங்கி வண்டியையும் தந்தியையும் பற்றி அதில்தான் விரிவாக எழுதினார். தாம் கண்ட மின்னலைகள் தொலைவில் உள்ள மனத்தைத் தொட முடியாத அளவுக்குப் பலவீனமானவை என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் மன ஆற்றல் என்ற நம்பிக்கையை விடவில்லை. உடல்நலக் குறைவும் கடும் மனச்சோர்வும் சேர்ந்துகொண்டன. 1941 ஜூன் 1ஆம் தேதி யேனாவில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். ஆயிரக்கணக்கானோரின் மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்த்த மருத்துவமனையிலேயே அது நடந்தது.

ஒலித்துடிப்புக்கு வருவோம்

பெர்கரின் அலைகளோடு ஒலி வந்து சேர்ந்தது பிற்பாடுதான். தம்பூராவின் இரண்டு தந்திகள் முழுதாகச் சுருதி சேராதபோது ஓர் அலைவு கேட்குமல்லவா? இயற்பியல் பாடநூல் இதை விம்மல் என்கிறது. பிரஷ்ய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் டோவே 1839இல் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார். ஒரு காதுக்கு ஒரு சுருதியும் மறு காதுக்குச் சற்றே மாறுபட்ட சுருதியும் தனித்தனியாகக் கொடுத்தாலும் விம்மல் கேட்கிறது. காற்றில் இரண்டும் கலக்கவே இல்லை, கலப்பது தலைக்குள். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிய இரு காதுகளின் செய்திகளையும் ஒப்பிடும் மூளைத்தண்டின் நரம்பணுக்களே இதற்குக் காரணம். சுருதி 1000 ஹெர்ட்ஸைத் தாண்டினாலும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 ஹெர்ட்ஸைத் தாண்டினாலும் விம்மல் மங்கிவிடும்.

நூறாண்டுக்கும் மேலாக இது ஒரு வேடிக்கையாகவே கிடந்தது. 1973இல் ஜெரால்ட் ஆஸ்டர் ஓர் அமெரிக்க அறிவியல் இதழில் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக்கியது. 1975இல் ராபர்ட் மன்றோ என்பவர் ஒலியால் உறக்கநிலைகளைத் தூண்டும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஒலிநாடா, குறுந்தகடு, இன்று கைப்பேசிச் செயலி என்று வணிகம் வளர்ந்தது. ஹெட்ஃபோன் இல்லாமலே கேட்கும்படி, ஒரே சுருதியைச் சம இடைவெளியில் விட்டுவிட்டு ஒலிக்கும் முறையும் சேர்ந்துகொண்டது.

பலன் உண்டா? துடிக்கும் ஒலிக்கு மூளை மின்துடிப்பாகப் பதிலளிக்கிறது என்பது உண்மை. பேசத் தெரியாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்க மருத்துவர்கள் இதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் காது கேட்டதன் எதிரொலி வேறு, முழு மூளையும் அந்தத் தாளத்துக்கு மாறுவது வேறு. இரு காது விம்மலால் மூளையலை மாறுகிறதா என்று ஆராய்ந்த 14 ஆய்வுகளை 2023இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஐந்து ஆம் என்றன, எட்டு இல்லை என்றன, ஒன்று இரண்டும் கெட்டான். பதற்றம் குறைகிறது என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு; அதில் எவ்வளவு ஒலியால், எவ்வளவு கண்ணை மூடி அரைமணி நேரம் அசையாமல் இருந்ததால் என்று பிரிப்பது எளிதல்ல. 2013இல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் நடந்த சோதனை வேறு வகை. உறங்குபவரின் மெதுவான அலையை அந்தந்தக் கணத்தில் அளந்து, அது மேலெழும் நேரம் பார்த்துச் சிறு ஒலியைக் கொடுத்தார்கள். அலை வலுப்பட்டது, நினைவாற்றலும் கூடியது. பங்கேற்றவர்கள் 11 பேர்தான். ஆனால் அங்கே மூளை ஒலிக்குப் பின்னால் போகவில்லை; ஒலிதான் மூளையைக் கேட்டு அதன் பின்னால் போனது. எங்கள் துறையில் பின்னூட்டம் என்போமே, அது. பதிவு செய்து வைத்த கோப்பில் அது கிடையாது.

பெர்கரின் முதல் கட்டுரைகளை நினைவில் வைத்திருப்பவர் இந்த விளம்பரங்களில் ஏமாற மாட்டார். ஆல்ஃபா அமைதியின் அடையாளம். அதையே அமைதியின் காரணம் என்று எடுத்துக்கொள்வது, வெப்பமானியைச் சூடாக்கிக் காய்ச்சலை வரவழைப்பது போன்றது. ஆல்ஃபாவை எழுப்ப மிக உறுதியான வழி, அவர் தம் மகனின் தலையில் கண்டதுதான்: கண்ணை மூடிச் சும்மா இருப்பது. ஒலித்துடிப்பு அதற்குத் துணையாக இருந்தால் தாராளமாகக் கேளுங்கள், குறைந்த ஓசையில். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல், குறிப்பாக மினுக்கும் ஒளியோடு சேர்ந்து வருபவற்றைத் தொட வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கம் வராதவர்களும் மனச்சோர்வில் இருப்பவர்களும் ஹெட்ஃபோனோடு நின்றுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.